மருந்துக்குப் படிக்கப்போகிற பெண்ணே சொன்னாள்

லுவானுக்கு முழங்கால் வலி விட்டுப்போனது அவள் மகள் பெய்-ஜென்னுக்கு முதலில் காதால்தான் தெரிந்தது. அதுவரை அம்மா எழுந்திருக்கும்போதெல்லாம் முக்காலி சிமெண்டுத் தரையைக் கீறும்; கூடவே ஒரு முனகல் வரும். அந்த அக்டோபரில் ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது முக்காலிச் சத்தமும் இல்லை, முனகலும் இல்லை. அம்மா பாடிக்கொண்டே சிப்பி மூட்டையைத் தரதரவென்று இழுத்து வந்தாள்.

"என்னம்மா, கால் சரியாப் போச்சா?"

"வன்-லாய் அண்ணன் மருந்துடி. போன வாரந்தான் ஆரம்பிச்சேன். எனக்குக் கால்னு ஒண்ணு இருக்கிற நினைப்பே இல்ல இப்போ."

டோங்ஷியைச் சுற்றி எங்கள் கடலோர ஊர்களில் ஆண்கள் சிப்பியை அறுத்துப் படகில் கொண்டுவருவார்கள், பெண்கள் கொட்டகையில் உட்கார்ந்து உடைப்பார்கள். கையில் கத்தி, மடியில் ரப்பர் துணி, காதில் ரேடியோ. அந்த ரேடியோவில் வன்-லாய் பழைய பாட்டுப் போடுவார்; பாட்டுக்கு நடுவே போனில் வருகிற பெண்களோடு பேசுவார்; பேச்சுக்கு நடுவே மருந்து விற்பார். உரிமம் இல்லாத நிலையம், எங்கிருந்து பேசுகிறது என்று யாருக்கும் தெரியாது. அவர் முகத்தையும் யாரும் பார்த்ததில்லை. ஆனால் எந்தப் பெண்ணின் மருமகள் சண்டைக்காரி, எவள் புருஷன் சீட்டாடுகிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மருந்து பார்சலில் வரும். எழுத்தே இல்லாத பழுப்பு டப்பா, மேலே ஒரு பைன் மரத்தின் படம். உள்ளே மாத்திரைகள்.

பெய்-ஜென் சியாயி நகரத்தில் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பார்மசி படிக்க வேண்டும் என்பது முதலில் அம்மாவின் ஆசைதான். நகரத்து மருந்துக்கடையில் கண்ணாடி மேஜைக்குப் பின்னால், குளிர்சாதனக் காற்றில், வெள்ளைக் கோட்டுப் போட்டு நின்ற ஒரு பெண்ணின் விரல்களை அவள் ஒருதரம் பார்த்துவிட்டாள். ஒரு கீறல் இல்லாத விரல்கள். அன்றிலிருந்து அதே பேச்சு. பெய்-ஜென்னுக்கு வேதியியல் நன்றாக வரும். அம்மாவைப் போல் சிப்பி நாற்றத்தோடு பஸ் ஏற வேண்டியிருக்காது. அவளுக்கு அந்தக் காரணங்களே போதுமாக இருந்தன. மனிதர்களுக்குச் சேவை செய்வது என்பது நேர்முகத் தேர்வில் சொல்ல வேண்டிய வாக்கியம், அவ்வளவே.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லுவானுக்கு ரேடியோ நிலையத்தோடு போன் லைன் கிடைத்தது.

"டோங்ஷி லுவான் அக்காவா! என்னக்கா, குரல்ல இருபது வயசு குறைஞ்சிருக்கே! வீட்டுல அத்தானுக்குச் சந்தேகம் வந்துடப் போகுது!"

"போங்கண்ணே, கிண்டல் பண்ணாதீங்க." அம்மா வெட்கத்தில் கத்தியை மடியில் வைத்தாள்.

"மக என்ன பண்ணுது?"

"பார்மசி படிக்கப்போறாண்ணே. எந்நேரமும் புத்தகமும் கையுமா இருக்கா."

 வன்-லாயின் குரல் இன்னும் இனிப்பாக வந்தது. "அப்படிப் போடுங்க! பாப்பா பக்கத்துல இருக்கா? ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க."

பெய்-ஜென் தலையை ஆட்டி மறுத்தாள். அம்மா ஈரக் கையோடு ரிசீவரை அவள் காதில் அழுத்தினாள்.

"அம்மாவுக்குக் கால் எப்படி இருக்கும்மா?"

"நல்லா இருக்கு," என்றாள் பெய்-ஜென். அதில் பொய் ஏதும் இல்லை.

மறுநாளிலிருந்து அந்த இரண்டு வார்த்தை தினமும் ஒலிபரப்பானது. "கேட்டுக்கங்க, மருந்துக்குப் படிக்கப்போற பொண்ணே சொல்லுது," என்பார் வன்-லாய். பிறகு அவள் குரல்: நல்லா இருக்கு. பிறகு பாட்டு. பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில் ஒவ்வொரு கொட்டகையிலிருந்தும் அவள் குரலே அவளுக்கு முன்னால் வந்து நின்றது. பக்கத்துக் கொட்டகை கிம்-ஜி அத்தை அந்த வாரமே டப்பா வாங்கினாள். கோயிலுக்குப் பின்னால் தனியாக இருந்த பழைய படகோட்டி தியாம்-ஹோக்கும் வாங்கினார். "நம்ம பொண்ணு சொன்னா தப்பா இருக்குமா?" என்று வழியில் அவள் தலையைத் தட்டிவிட்டுப் போனார்.

குளிர் ஏறஏற லுவானின் முகம் மாறியது. ஒட்டிக் கிடந்த கன்னங்கள் உப்பின. தாடையின் கோடு மறைந்தது. பிப்ரவரியில் சீனப் புத்தாண்டுக்கு வந்த உறவுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"லுவானு, முழு நிலா மாதிரி ஆயிட்டியே! உன் வீட்டுக்காரர் என்ன போட்டு வளக்கறாரு?"

"மக கெட்டிக்காரி. அந்தச் சந்தோஷந்தான் முகத்துல தெரியுது," என்றாள் அம்மா. ஜனவரியில் நடந்த பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் முதல் கட்டத்தில் பெய்-ஜென் நல்ல மதிப்பெண் வாங்குவாள் என்று ஆசிரியர்கள் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

அம்மாவுக்கு முன்னைவிட அதிகம் பசித்தது. தூக்கம் குறைந்தது. விடிவதற்கு முன்பே எழுந்து உடைக்க உட்கார்ந்துவிடுவாள். சட்டென்று சிரிப்பாள், சட்டென்று சீறுவாள். மேஜை முனையில் லேசாக இடித்தாலும் கை ஊதாவாகக் கன்றியது. சிப்பி ஓடு கிழித்த கட்டை விரல் வாரக்கணக்கில் ஆறவில்லை.

"உங்கம்மா ஒரு மாதிரி இருக்காடி," என்றார் அப்பா சுன்-ஹோ, வலையைத் தைத்துக்கொண்டே. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "ராத்திரில பக்கத்துல படுத்திருக்கிறது யாரோன்னு திடுக்குனு முழிப்பு வருது."

மதிப்பெண் வந்தது. காவ்சியுங்கில் ஒரு பல்கலைக்கழகம் ஏப்ரலில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. அங்கே கிடைக்காவிட்டால் ஜூலையில் பெரிய தேர்வு எழுத வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தவள் மார்ச் ஆரம்பத்தில் உயிரியலில் சுரப்பிகள் பாடத்தை மறுபடி எடுத்தாள். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி. அதன் ஹார்மோன் உடம்பில் அளவு மீறினால் முகம் உருண்டையாகும், தோல் மெலியும், லேசாக இடித்தாலும் கன்றும், புண் ஆறாது. அதையே மாத்திரையாகச் செய்தால் அதற்குப் பெயர் ஸ்டீராய்டு. வலியை அது மாயம்போல் போக்கும்.

பக்கத்தில் ஒரு படம் இருந்தது. யாரோ ஒரு பெண், கண்களை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்திருந்தார்கள். பெய்-ஜென் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அதே கன்னம், அதே கழுத்து. 

அதற்கடுத்த பக்கத்தையும் அவள் படித்திருந்தாள். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்துகொண்டேயிருந்தால் சுரப்பி வேலையை நிறுத்திவிடும், சுருங்கிப்போகும் என்று அதில் இருந்தது. மாதிரித் தேர்வில் அந்தக் கேள்வி வந்தபோது சரியான விடையைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். அம்மாவைப் பார்த்த அந்த நேரத்தில் அது அவள் நினைவுக்கு வரவில்லை. பயமும் கோபமும் மட்டுமே இருந்தன. நேராகப் போய் அலமாரியிலிருந்த டப்பாக்களை அள்ளினாள்.

"என்னடி பண்றே? வை அதை!"

"இது விஷம்மா. உன் முகத்தைக் கண்ணாடியில பாரு. இது சதை இல்ல, வீக்கம்!"

"வீக்கமாம்! நடக்க முடியாமக் கிடந்தவ நடக்கறேன், அது உனக்குப் பொறுக்கலையா? இன்னும் காலேஜ் வாசலையே மிதிக்கல, அதுக்குள்ள டாக்டர் ஆயிட்டா!"

"நீ இனிமே ஒரு மாத்திரை தொட்டாலும் நான் நேர்முகத்துக்குப் போகமாட்டேன். சத்தியமா போகமாட்டேன்."

அவளிடம் இருந்த ஆயுதம் அது ஒன்றுதான். அது எங்கே படும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. லுவான் மூச்சு வாங்க நின்றாள். பிறகு கையைத் தொங்கவிட்டாள்.

"சரி. தூக்கிப் போடு. நீ படிச்சாப் போதும் எனக்கு."

பெய்-ஜென் ஒரு டப்பாவை மட்டும் பையில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் சாக்கடையில் கொட்டினாள். சத்தம் கேட்டு வந்த கிம்-ஜி அத்தை வேலிக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

முதல் இரண்டு நாள் வலி மட்டும் திரும்பி வந்தது.  அம்மாவிடம் பழைய முனகல்கூட இல்லை. அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. உப்பு மீனைப் பிட்டு வாயில் வைத்தவள் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். "சளி பிடிச்சிருக்கு," என்றாள். வெந்நீரைக் கொடுத்துவிட்டு பெய்-ஜென் டியூஷனுக்குப் போனாள்.

அதற்கடுத்த நாள் காலையில் சீருடை மாட்டிக்கொண்டு இருந்தபோது, கொட்டகையில் கூடை உருளும் சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தாள். அம்மா சிப்பி ஓடுகளின் மேல் பக்கவாட்டில் விழுந்து கிடந்தாள். உதடு சாம்பல் நிறம். உருண்ட முகத்தில் வியர்வை முத்து முத்தாக நின்றது. தொட்டால் சேற்றைத் தொடுவதுபோல் குளிர்ச்சி. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும், நல்லா இருக்கு, என்றது பெய்-ஜென்னின் குரல்.

சியாயியில் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் லுவானின் முகத்தையும் கைகளையும் ஒருதரம் பார்த்தார். "என்ன மருந்து சாப்பிட்டாங்க?"

பெய்-ஜென் பையிலிருந்த டப்பாவை நீட்டினாள்.

"எப்ப நிறுத்தினாங்க? படிப்படியாவா, ஒரேயடியாவா?"

அந்தக் கேள்வி காதில் விழுந்த கணத்தில்தான் அடுத்த பக்கம் அவள் கண்முன் வந்தது. வரி வரியாக, அடிக்கோடு போட்ட இடம் உட்பட.

"ஒரேயடியா," என்றாள்.

"யார் நிறுத்தச் சொன்னது?"

அவள் வாயைத் திறப்பதற்குள், செத்துப் பிழைத்துக்கொண்டிருந்த அம்மா கட்டிலிலிருந்து முனகினாள். "யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் விட்டேன்."

டாக்டர் பெய்-ஜென்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. நரம்பில் மருந்து ஏற்றச் சொல்லிவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கொண்டுவந்திருக்க வேண்டியதில்ல," என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் அம்மாவின் உதட்டில் நிறம் வந்தது. அப்பா சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். பெய்-ஜென்னுக்கு மட்டும் உட்கார முடியவில்லை. வேலிக்கு அப்பால் நின்ற கிம்-ஜி அத்தையின் முகம் திரும்பத் திரும்ப வந்தது. "அப்பா, நான் ஊருக்குப் போய்ட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்தாள்.

கிம்-ஜி அத்தை கத்தியைக் கீழே வைக்காமலே அவள் சொன்னதைக் கேட்டாள். சாக்கடையில் கொட்டியதைப் பார்த்தபின் அவளும் இரண்டு நாளாக மாத்திரையைத் தொடவில்லை. கண்கள் குழிந்திருந்தன.

"அத்தை, திடீர்னு நிறுத்தக் கூடாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவங்க கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பாங்க."

"நல்லா இருக்குடி உன் கதை! ரேடியோவுல உன் வாய் தின்னுன்னு சொல்லுது. நாலு நாளைக்கு முன்னாடி விஷம்னு சொல்லிக் கொட்டினே. இப்ப கொட்டாதேங்கறே. உனக்கு எத்தனை வாய்? நான் எதை நம்பட்டும்?"

 "எதையும் நம்ப வேணாம் அத்தை. எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடக்கிறா. வந்து அவளைப் பாருங்க, அது போதும்," என்று பெய்-ஜென் அழுதாள். அந்த அழுகையைப் பார்த்துத்தான் கிம்-ஜி எழுந்தாள். எழுந்தவள் தலை சுற்றி, கூரைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகன் பைக்கில் அழைத்துப் போனான்.

தியாம்-ஹோக் வரவில்லை. அவர் நிறுத்தவே இல்லை. கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறையில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு, பானைபோல் உப்பிய முகத்தோடு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"வா வா, ரேடியோப் பொண்ணு! எனக்கு ஒண்ணுமில்ல. இந்த ரெண்டு நாளா மலம் கொஞ்சம் கறுப்பாப் போகுது, அவ்வளவுதான்."

"மாமா, அது ரத்தம். வயித்துக்குள்ள புண்ணு. என்கூட வாங்க."

"தனிக்கட்டைக்கு எதுக்கும்மா ஆஸ்பத்திரி? இத்தனை வருஷத்துல வலியில்லாமத் தூங்கறது இப்பத்தான். இதுல என்ன தப்பு, சொல்லு?"

அவள் கெஞ்சினாள், கையைப் பிடித்து இழுத்தாள். அவர் நகரவில்லை. அப்பாவும் பக்கத்து வீட்டாரும் மறுநாள் போய்ப் பேசினார்கள். நாளைக்கு, நாளைக்கு என்றார். அந்த வாரக் கடைசியில் சந்தைக்குப் போகும் வழியில் ரத்தமாக வாந்தியெடுத்து விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. சவ ஊர்வலத்தில் பெய்-ஜென் எல்லோருக்கும் பின்னால் நடந்தாள். யாரும் அவளை எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

டப்பாவை அவள் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கொடுத்திருந்தாள். ஸ்டீராய்டும், வயிற்றை அரிக்கிற வலி மருந்தும் ஏராளமாகக் கலந்திருப்பதாகச் சோதனையில் தெரிந்தது. அந்தச் செய்தி அலுவலகத்திலிருந்து எப்படி வெளியே போனதோ, நேர்முகத்துக்கு முந்தின சனிக்கிழமை ஒரு வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றது. நடுவயது ஆள், இஸ்திரி போட்ட சட்டை, கையில் பட்டுத்துணி சுற்றிய ஆப்பிள் பெட்டி. சியாவ் என்று பெயர் சொன்னார்.

"அக்காவுக்கு உடம்பு தேவலையா? வன்-லாய் அண்ணன் ரொம்பக் கவலைப்பட்டார். தினம் உங்களைப் பத்தித்தான் பேச்சு." குரல் அவ்வளவு பணிவு. அறையைச் சுற்றிப் பார்த்தவரின் கண் பெய்-ஜென்னின் புத்தகங்களில் நின்றது. "பாப்பா காவ்சியுங் போகுது போல. தனியாவா பஸ்ல போகும்? புதன்கிழமை காலையில, இல்ல?"

யாரும் அவருக்கு நாள் சொல்லியிருக்கவில்லை.

"படிப்புச் செலவையெல்லாம் அண்ணன் பாத்துக்கறேங்கறார். பதிலுக்கு ஒண்ணும் வேணாம். அம்மாவுக்கு வந்தது வேற நோய்னு ரேடியோவுல பாப்பா ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஒரே ஒரு வார்த்தை."

 கட்டிலில் கிடந்த லுவான் சுவரைப் பிடித்து எழுந்தாள். வீக்கம் இன்னும் வடியாத முகம். கிழிந்த கட்டை விரலில் கட்டு.

"தம்பி, என் பொண்ணு ஏற்கெனவே ரெண்டு வார்த்தை பேசிட்டா. ஒரு ஆளைப் புதைச்சிருக்கோம். பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. என் கையில எப்பவும் கத்தி இருக்கும், தெரியும்ல?"

சியாவ் சிரித்துக்கொண்டே எழுந்தார். பெட்டியை எடுக்கவில்லை. வெளியே வலையோடு நின்ற சுன்-ஹோ உள்ளே வந்து, அதைத் தூக்கிக் காரின் மேல்கூரையில் வைத்தார். கார் போனபின்பும் அவர் சாலையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை படகை விட்டுவிட்டு அவரும் மகளோடு பஸ் ஏறினார். வழி முழுக்கத் தூங்காமல், பின்னால் வருகிற வண்டிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே வந்தார்.

நேர்முகத்தில் மூன்று பேராசிரியர்கள். நடுவில் இருந்தவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஏன் பார்மசி?"

மனப்பாடம் செய்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. பெய்-ஜென் அதை விழுங்கிவிட்டு நடந்ததைச் சொன்னாள். வன்-லாய், உருண்ட முகம், சாக்கடையில் கொட்டிய மாத்திரை, தியாம்-ஹோக். சுரப்பி வேலையை நிறுத்திவிடும் என்பது தனக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதையும் சொன்னாள்.

ஓரத்தில் இருந்த முதிய பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா உங்கம்மாவைக் கிட்டத்தட்டக் கொன்னது நீ."

"ஆமாங்க."

"இங்க படிச்சா மறுபடி அப்படி நடக்காதுன்னு நினைக்கிறியா?"

"தெரியலைங்க. நடக்கும்னு பயந்துக்கிட்டே இருப்பேன்னு நினைக்கிறேன்."

அந்த அம்மாள் எதையோ எழுதிக்கொண்டார். அங்கே அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. பெய்-ஜென் ஜூலைத் தேர்வுக்கு உட்கார்ந்தாள். கொட்டகையின் வெக்கையில், கொசுவத்திப் புகையில், ஒவ்வொரு பாடத்தையும் அடுத்த பக்கத்தோடு சேர்த்தே படித்தாள். ஒரு மருந்தின் பெயர் வந்தால், அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று தேடாமல் மேலே போக மாட்டாள். தோழிகள் கேலி செய்தார்கள்; தேர்வில் இதெல்லாம் வராது என்றார்கள். அவளுக்கு அது தெரியும். ஆகஸ்டில் முடிவு வந்தபோது தைனானில் பார்மசிக்கு இடம் கிடைத்திருந்தது. அம்மா சிரித்தாள், பட்டாசு வாங்கப் போன அப்பாவைத் தடுத்தாள். "கோயிலுக்குப் பின்னாடி வீடு பூட்டிக் கிடக்கு. சத்தம் வேணாம்."

லுவானின் சுரப்பி முழுதாக விழிக்கவில்லை. ஆஸ்பத்திரி மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும். ஒருநாள் மறந்தாலும் ஆபத்து. முகம் இறங்கிவிட்டது. முழங்கால் பழையபடி வலித்தது.

தைனானுக்குக் கிளம்புகிற வாரம் கிம்-ஜி அத்தை வந்தாள். கொஞ்ச நேரம் துணிமணி, மெஸ் சாப்பாடு என்று பேசிக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துப் பெய்-ஜென்னின் உள்ளங்கையில் கவிழ்த்தாள். வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள். எதிலும் பெயர் இல்லை.

"பிங்டுங்ல என் தங்கச்சி சாப்பிடுறா. சிறுநீரகத்துக்கு நல்லதாம். நீ சொல்லும்மா, சாப்பிடலாமா, வேணாமா?"

அத்தையின் பின்னால் வாசலில் இன்னும் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் கையிலும் பைகள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  கையிலிருந்த மாத்திரைகள் வியர்வையில் ஒட்ட ஆரம்பித்தன.

"எனக்குத் தெரியல அத்தை," என்றாள். "உங்க தங்கச்சி எத்தனை நாளா சாப்பிடுறாங்க? இப்ப எப்படி இருக்காங்க? போன் பண்ணிக் குடுங்க, நானே கேக்கறேன். அதுவரைக்கும் அவங்க எதையும் நிறுத்தவும் வேணாம், புதுசா எடுக்கவும் வேணாம்."

கிம்-ஜி எண்ணைச் சுழற்றினாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. "தோட்டத்துல இருப்பா," என்றாள் அத்தை, இரண்டாவது முறை சுழற்றிக்கொண்டே. மூன்றாவது முறையும் யாரும் எடுக்காததும் ரிசீவரைக் கீழே வைத்தாள்.

பெய்-ஜென் மாத்திரைகளைப் பையில் போட்டு முடிச்சிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். "பிங்டுங் பஸ் எத்தனை மணிக்கு, அப்பா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.